ஏழாவது தட்டு

பெரியவளுக்கு ஒரு பாட்டு பிடித்திருக்கிறதா என்பதை அவள் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. பல் பிடுங்கும்போதும் அதே முகம்தான், பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்து முத்தம் கொடுக்கும்போதும் அதே முகம்தான். அவள் சார்பில் பேசுவது அவளுடைய வலது கை. எங்கே பாட்டுக் கேட்டாலும் அந்தக் கை தானாகத் தொடைக்குப் போய்விடும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு, இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு என்று எட்டு எண்ணி ஆதி தாளம் போட ஆரம்பித்துவிடும். வங்கி வரிசையில் நிற்கும்போதும் போடும். பல் மருத்துவர் மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் குத்திவிட்டு வானொலியைத் திருப்பியபோது, வாய் கோணிக் கிடந்த நிலையிலும் அந்தக் கை இம்மி பிசகவில்லை என்று மருத்துவரே ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

குடும்பத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். நேரில் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. கட்டிய கணவர்கூட, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தப் பெயரை வாயில் எடுப்பார். அவள் வேலை பார்ப்பதும் பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இல்லாமல் போயிருந்தால் அவளே ஒன்றை உண்டாக்கியிருப்பாள்.

இவளுக்குத் தங்கையாகப் பிறந்தவள் சின்னவள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் மேடையில் ஜோடியாகப் பாடியவர்கள். ஒரே நிறப் புடவை, ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே சுருதி. ஆனால் சின்னவளுக்கு ஜன்னல் வழியாக வருகிற எந்தச் சத்தமும் ஆகும். கிட்டார் வந்தால் அதையும் கேட்பாள், எங்கோ தூர தேசத்து டிரம்ஸ் வந்தால் அதற்கும் கால் ஆடும். ஒருநாள் ஒரு ராகத்தைத் தூக்கி பேஸ் கிட்டார் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டும் ரொம்ப நாள் பழகிய சிநேகிதர்கள் மாதிரிப் பேசிக்கொண்டன. அன்றோடு ஜோடி உடைந்தது.

பெரியவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "உன் இஷ்டம்" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு தண்ணீர் வரியைப் பற்றிப் பேசுவாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவாள், பாட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். சின்னவள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதல் வரிசைச் சீட்டு அனுப்புவாள். "அன்னைக்குத் துணி துவைக்கிற நாள்" என்று பதில் வரும். உலகத்தில் பாதிப் பேர் அவள் பாட்டுக்கு ஆடினார்கள். பத்திரிகைகள் அவளை இரண்டு இசைகளுக்கு நடுவே ஒரு பாலம் என்று எழுதின, மேலே யார் நடந்து போகிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. இதெல்லாம் இருந்தும் சின்னவளுக்குத் தேவைப்பட்டது இந்த ஒருத்தியின் காது. அது கிடைக்கவில்லை என்பதுதான் அவளுடைய தீராத குறை. அதை வெளியில் சொல்லிக்கொள்ளவும் வெட்கம்.

அப்படி இருக்கையில்தான் சின்னவள் வழக்கமாகப் பாடும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். காலை முதல் மாலை வரை சுவர் அதிர்ந்தது. பாட்டைக் கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. ஊரிலேயே சத்தம் நுழையாத அறை ஒன்று உண்டென்றால் அது பெரியவள் சாதகம் பண்ணும் அறைதான். கனமான திரை, தரை முழுக்கக் கம்பளம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல். அங்கே வந்து பாடலாமா என்று சின்னவள் கேட்டாள்.

"வரலாம்" என்றாள் பெரியவள். "ஆனா நான் உள்ளதான் இருப்பேன்."

"எதுக்குக்கா? பாட்டுக் கேக்கவா?"

"நாற்காலிங்களைப் பாத்துக்க. உங்க ஆளுங்க எதை எங்க இழுத்துப் போடுவாங்களோ."

ஆளுங்க என்று வந்தது ஒரே ஆள்தான். ஒலிப்பதிவு செய்கிறவர், சின்னவளோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்கிறவர். எதைக் கண்டாலும் திருகிப் பார்க்காமல் அவருக்கு இருக்க முடியாது என்பதால் திருகாணி என்று பெயர். அன்றும் போகிற போக்கில் பெரியவள் வீட்டு மின்விசிறிக் குமிழை ஒரு திருகு திருகி, அவள் பார்த்த பார்வையில் திருப்பித் திருகி வைத்துவிட்டுத்தான் மைக்கை நிறுத்தினார். பெரியவள் மூலையில் உட்கார்ந்து, அலுவலகத்திலிருந்து கொண்டு வந்த அட்டவணைக் கட்டை மடியில் விரித்துக்கொண்டாள். இங்கே நடப்பதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கட்டே சொல்லிற்று.

"குரல் எவ்வளவு சத்தமா விழுதுன்னு லெவல் பாக்கணும்க்கா" என்றார் திருகாணி சின்னவளிடம். "சும்மா ஒரு வரி பாடிக்கிட்டே இருங்க. நல்லா இருக்கணும்னு இல்ல."

நல்லா இருக்கவேண்டாம் என்று சொன்னால் பாடகிகளுக்கு எங்கிருந்தோ ஒரு நிம்மதி வந்துவிடும். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு, சஹானா ராகத்தில், மெதுவாக, தன் புதுப் பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். 'எட்டிப் பார்த்தால் என்ன குறையும் உனக்கு' என்று ஆரம்பிக்கும் பாட்டு. பின்னால் உலகம் அதைக் காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டது. அவள் எழுதியது மூலையில் உட்கார்ந்து அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தவளை நினைத்து.

அதற்குப் பிறகு நிஜமான பதிவு நடந்தது. எல்லாம் சுத்தமாக, கவனமாக வந்தது. முடிந்ததும் பெரியவள் எழுந்து நாற்காலிக் கால்களைக் குனிந்து பார்த்தாள். "முடிஞ்சுதா? டீ போடட்டுமா?" என்றாள். அவ்வளவுதான் விமரிசனம்.

ஒரு வாரம் கழித்துத் திருகாணி தன் அறைக்குச் சின்னவளைக் கூப்பிட்டார். பாத்திரத்தை உடைத்துவிட்டு வாசலில் நிற்கிறவன் முகம் அவருக்கு.

"ஒண்ணு கேளுங்க. கோவப்படக் கூடாது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். டிரம்ஸைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு தட்டு. பிறகு துணிமேல் விரல்கள் மெதுவாக விழும் மூன்று ஓசை. மறுபடி தட்டு, கூடவே வளையல் லேசாக ஒன்றோடொன்று உரசும் சத்தம். லெவல் பார்த்தபோது மைக் முழுசாகத் திறந்திருந்திருக்கிறது. மூலையில் இருந்த கை அதில் விழுந்திருக்கிறது.

"இது அக்கா கை" என்றாள் சின்னவள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ஏழாவது தட்டு பிந்துதே."

"அதான்க்கா விஷயமே. மத்ததெல்லாம் ஊசி முனை மாதிரி விழுது. இந்த ஒரு சுத்துல மட்டும் ஏழாவது இடத்துல கை மேலயே நின்னுட்டு, அப்புறம்தான் இறங்குது. அந்த இடத்துல பாட்டே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. நான் அந்த ஒரு சுத்தை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டு முழுக்க ஓட விட்டுட்டேன். மேல கிட்டாரும் பேஸும் வெச்சேன். டிரம்ஸ் வேணாம்னு தோணிடுச்சு."

அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு தயக்கத்தில் பாட்டு இடுப்பை ஒடித்து நின்று, பிறகு நடந்தது. உடம்பு தானாக அதோடு சாய்ந்தது.

"அக்காகிட்ட கேக்கணும்" என்றாள் சின்னவள்.

"கேக்கணும்தான்" என்றார் திருகாணி. "அவங்க நம்ம பாட்டைக் கேக்கவா போறாங்க?"

இந்தப் பதிலில் இரண்டு பேருக்கும் சட்டென்று வந்த சமாதானம் இருக்கிறதே, அது சந்தேகப்படவேண்டிய சமாதானம். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. பாட்டு வெளியே போயிற்று.

போன பாட்டு திரும்பி வரவில்லை, ஊர் ஊராகச் சுற்றியது. மொழி தெரியாதவர்கள் தொடையில் தட்டினார்கள். முடி வெட்டுகிற கடையில் கத்தரிக்கோல் அந்தத் தாளத்தில் வெட்டி ஒருவருடைய கிருதாவைக் காலி பண்ணியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசையில் தட்டி வகுப்புக்கு வெளியே நின்றார்கள். எல்லோரும் ஏழாவது தட்டில் கையை மேலே நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் இறக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். சாப்பாட்டு மேசையில் அத்தான் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டுக்கும் அத்தானுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் மனைவியின் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டவர். அவரே தட்டுகிறார் என்றால் பாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அதை நிறுத்துங்க" என்றாள் பெரியவள். "தாளமா அது?"

"உன் தங்கச்சி பாட்டுதான்."

"பாட்டை நான் ஒண்ணும் சொல்லல. தாளம் போட்டிருக்கானே ஒருத்தன், அவனைச் சொல்றேன். ஏழாவது தட்டு எங்கேயோ ஊர் சுத்திட்டு வருது. இப்படி ஒரு பஸ் வந்துச்சுன்னா டிரைவரைக் கூப்பிட்டு விசாரிப்பேன் நான்." சின்னவள் பக்கம் திரும்பினாள். "யாருடி அது?"

சின்னவள் சோற்றைப் பிசைந்தாள். "தெரிஞ்சவங்கதான்க்கா."

"கை அடக்கம் இல்லாத ஆளு. கேக்கறவங்களுக்கு முன்னாடி தானே பாட்டுல மயங்கிப் போயிடற ரகம். முதல்ல ஆளை மாத்து."

"எனக்கென்னவோ அந்த ஆளை ரொம்பப் புடிச்சிருக்கு" என்றார் அத்தான், கரண்டியைக் கீழே வைக்காமல். "கொஞ்சம் நிதானமான ஆளாத் தெரியுது. வீட்டுல இருக்கறவங்களை விரட்ட மாட்டாங்கன்னு நினைக்கறேன்."

பெரியவள் அவரைப் பார்த்தாள். அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். சின்னவள் சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்தாள், அது மூக்கில் ஏறியது. அக்கா தன் கையையே திட்டிக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்த அன்று என்ன ஆகும் என்று நினைத்தபோது சிரிப்பு தானாக அடங்கியது. அக்கா பாட்டுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவள். தாளம் தப்பிய பிள்ளைகள் அவள் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். அவளுடைய கை தப்பாது என்பதுதான் அவளுடைய ஒரே சொத்து. அந்தச் சொத்தைத்தான் இவர்கள் சொல்லாமல் எடுத்து, அதிலிருந்த ஒரே ஓட்டையைப் பெரிதாக்கி, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு பெரிய திறந்தவெளி மேடையில் பாட அழைப்பு வந்தது. அங்கே ஒரு கட்டுப்பாடு. பதிவு செய்த ஒலி எதையும் ஓட்டக் கூடாது, எல்லாம் மேடையில் நேராக வாசிக்கப்படவேண்டும். கிட்டாருக்கும் பேஸுக்கும் ஆள் இருந்தார்கள். தட்டுக்கு ஆள் தேடினார்கள். முதலில் வந்த டிரம்ஸ்காரர் ஏழாவது தட்டைச் சரியான இடத்தில் போட்டார். பிந்துங்கள் என்றதும் எட்டு எண்ணிக்கையையும் பிந்திப் போட்டார். அடுத்தவர் எவ்வளவு பிந்தவேண்டும் என்று அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதே அளவு பிந்தினார். தப்பை இவ்வளவு சரியாகச் செய்து சின்னவள் பார்த்ததில்லை. பாட்டு வேட்டி கட்டிய பொம்மை மாதிரி நின்றது.

"இது தெரிஞ்சு பண்ற தப்பு இல்லக்கா" என்றார் திருகாணி. "தானா வரணும். பெரியக்காவைத்தான் கூப்பிடணும்."

"நீ போய்க் கூப்பிடு."

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

ஆகவே சின்னவள்தான் போனாள். மதிய உணவு நேரத்தில், அக்காவின் அலுவலகத்துக்கே. வீட்டில் சொன்னால் சண்டை வரும், அலுவலகத்தில் அக்கா குரலை உயர்த்தமாட்டாள் என்று ஒரு கணக்கு. நீளமான அறை அது. திரைகளில் ஒவ்வொரு பேருந்தும் ஒரு நிறக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பிந்திய பேருந்துகள் சிவப்பாக மாறின. அக்கா மேசைக்கு மேலே இருந்த திரையில் சிவப்பே இல்லை.

அவள் உள்ளே நுழைந்தபோது நாலைந்து பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுடைய பாட்டைத்தான் முனகித் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ இடித்தது. சின்னவள் நின்று கேட்டாள். ஏழாவது தட்டு சரியான இடத்தில் விழுந்தது. எல்லோருக்கும். ஒருத்தர் பாக்கியில்லாமல்.

"நான்தான் திருத்திக் கொடுத்தேன்" என்றாள் பெரியவள். பெருமையை மறைக்கவில்லை. "ஆரம்பத்துல அந்த ஆளு மாதிரியேதான் தட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு வாரம் உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்தேன். இப்ப பாரு."

பார்த்தாள். பாட்டு பிசகில்லாமல், உயிரில்லாமல், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இனித் தள்ளிப் போட்டால் வாய் வராது என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"அக்கா, அந்தக் கை உன்னோடது."

"எந்தக் கை?"

"பாட்டுல வர்ற கை. உன் அறையில லெவல் பாத்தப்ப நீ தாளம் போட்டது மைக்குல விழுந்துடுச்சு. அதைத்தான் வெச்சோம். உன்கிட்ட கேக்காம வெச்சது தப்பு. தப்புதான்க்கா."

"என் கை தப்பாது."

சின்னவள் ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் பாட்டு இல்லை, வெட்டாமல் ஒட்டாமல் இருந்த அன்றைய பதிவு இருந்தது. பெரியவள் மாட்டிக்கொண்டாள். வளையல் சத்தம் கேட்டதும் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதன் பிறகு அசையவில்லை. தங்கையின் குரல் அவள் காதுக்குள் போய்க்கொண்டிருப்பது சின்னவளுக்குத் தெரிந்தது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தத் தட்டு வரவேண்டிய இடத்தில் பெரியவளுடைய கண் ஒருமுறை மூடித் திறந்தது. ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள்.

"அழிச்சுடு."

"ஊரெல்லாம் போயாச்சுக்கா. எங்க போய் அழிக்கறது?"

"இந்த மாதிரி ஒரு தட்டுக்காக எத்தனை புள்ளைங்களுக்கு மார்க் குறைச்சிருக்கேன் தெரியுமா உனக்கு?" குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எத்தனை பேரை அழ வெச்சிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம..."

இதற்குப் பிறகு தண்ணீர் வரியைப் பற்றிக்கூட அக்கா பேசமாட்டாள் என்று சின்னவள் நினைத்தாள். இருந்தும் வந்த காரியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மேடையை, கட்டுப்பாட்டை, டிரம்ஸ்காரர்களை, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தாள்.

பெரியவள் மேசையிலிருந்த பேனாவை நேராக்கி வைத்தாள். "மேடையில உக்காந்து தாளம் போடணும். அவ்வளவுதானே? வரேன்."

"வரியா?"

"வரேன். ஆனா சரியாத்தான் போடுவேன். என் கை எப்பேர்ப்பட்ட கைன்னு அத்தனை பேரும் பாக்கட்டும்."

தன் கையின் மானத்தைக் காப்பாற்ற அக்கா வருகிறாள். தங்கை பாடுவதைக் கேட்க இல்லை. ஆனாலும் வருகிறாள். சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டாள். பேருந்து நேரத்துக்கு வந்தது.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் பெரியவள் சொன்ன நிமிஷத்துக்கு வந்து நின்றாள். சின்னவளுக்கு இடது பக்கம் ஒரு தாழ்ந்த மேடை போட்டு, பெரியவளின் முழங்காலுக்குப் பக்கத்தில் மைக் வைத்திருந்தார்கள். அதைச் சரி பண்ண வந்த திருகாணி எதையும் திருகாமல் திரும்பிப் போனார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. எதிரே புல்வெளி நிறைய ஜனங்கள். அத்தான் முன் வரிசையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. ஜனங்கள் சேர்ந்து தட்டினார்கள். முதல் ஆறும் ஒன்றாக விழுந்தன. ஏழாவது இடத்தில் ஒலிபெருக்கியில் பெரியவளுடைய தட்டு டக்கென்று சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு சாவகாசமாக ஜனங்களுடைய தட்டு விழுந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. ஏழாவது எண்ணிக்கைக்கு இரண்டு தட்டு. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் நிமிர்ந்து, புல்வெளி முழுவதையும், போட்டிக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை பார்த்தாள். இன்னும் பலமாகத் தட்டினாள். கிட்டார்காரர் யார் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் தவித்தார். தட்டிக்கொண்டிருந்த கைகள் அங்கங்கே ஓய ஆரம்பித்தன.

சின்னவள் பாடிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். என்ன செய்வது? கொஞ்சம் பிந்திப் போடுக்கா என்று கேட்கலாமா? கேட்டால் கை இன்னும் விறைத்துக்கொள்ளும். தெரிந்து பிந்தினாலும் அது டிரம்ஸ்காரர் பிந்திய மாதிரித்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? வாய் கோணியபோதும் பிசகாத கை ஏன் அந்த அறையில், அந்த ஒரு சுற்றில் பிசகியது?

பாட்டின் நடுவில், அத்தனை வெளிச்சத்தில் நின்றுகொண்டு, சின்னவளுக்கு அது புரிந்தது. இத்தனை நாளாகப் பாட்டுக்கு அது நல்லதா கெட்டதா என்றுதான் யோசித்தாளே தவிர, அந்தக் கை ஏன் நின்றது என்று யோசிக்கவே இல்லை. அன்றைக்கு அட்டவணைக் கட்டு மடியில் இருந்திருக்கிறது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அப்படியா, இல்லை அதுவும் தன் ஆசைதானா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. தப்பாகப் போனால் இத்தனை பேர் முன்னால் பாட்டும் போகும், அந்த நினைப்பும் போகும்.

சின்னவள் கையை உயர்த்தினாள். கிட்டார் நின்றது, பேஸ் நின்றது. ஜனங்களும் ஓய்ந்தார்கள். பெரியவள் மட்டும் நிறுத்தவில்லை. யார் நின்றாலும் தாளம் நிற்கக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தப் பெரிய புல்வெளியில் அவளுடைய தட்டும் விரல் ஓசையும் மட்டும் கேட்டன.

சின்னவள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அக்காவைப் பார்த்துப் பாடினாள். யாருக்காகவும் நல்லா இருக்கவேண்டும் என்று இல்லாமல் பாடினாள். 'எட்டிப் பார்த்தால் என்ன குறையும் உனக்கு.' முதல் தடவை ஏழாவது தட்டு சரியான இடத்தில் விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது, ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. மூன்றாம் தடவை 'குறையும்' என்ற இடத்தில் சின்னவள் அவசரப்படாமல் நின்றாள். ஒரு சுரத்திலிருந்து இறங்க மனமில்லாமல் இறங்குகிற சஹானாவின் அந்த வழியில், சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார்கள். அவள் தனியாக இறங்கினாள்.

பெரியவளுடைய கை மேலே போயிற்று. அங்கேயே நின்றது.

ஏழாவது தட்டு வரவேண்டிய இடம் கடந்தது. ஜனங்கள் தாங்களாகவே பிந்தித் தட்டினார்கள். அதுவும் கடந்தது. வீச்சு வரவில்லை. அடுத்த சுற்றின் முதல் தட்டு வந்தது, அதற்கும் கை இறங்கவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது. பெரியவள் வாயை லேசாகத் திறந்தபடி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் பல் பிடுங்கும்போது இருக்கிற முகம் இல்லை. சின்னவளுக்குக் கண் நிறைந்தது. குரல் கொஞ்சம் உடைந்தது, அதையும் சேர்த்துக்கொண்டு பாடினாள். ஜனங்களுடைய தட்டுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் முடிவில் இறக்கியது. கிட்டார்காரர் திரும்பச் சேர்ந்துகொள்ள மறந்தே போனார்.

மேடைக்குப் பின்னால் துணித் தடுப்பு போட்ட சின்ன அறையில் பெரியவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் கைதட்டல் ஓயவில்லை. சின்னவள் உள்ளே வந்து கதவு மாதிரி இருந்த திரையை இழுத்துவிட்டு நின்றாள்.

"என்னடி பண்ணே?" என்றாள் பெரியவள். கோபம் மாதிரித்தான் இருந்தது.

"பாடினேன்."

"கை நின்னுடுச்சு. இத்தனை பேர் முன்னாடி."

"ஏன்க்கா நின்னுச்சு?"

பெரியவள் கண்ணாடித் தம்ளரைத் துடைத்து, கவிழ்த்து வைத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடினார்கள், யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் கடைசியில். "அப்புறம் எண்ணல. கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். அன்னைக்கும் அப்படித்தான்."

இத்தனை வருஷமாகச் சின்னவள் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை பாடு" என்றாள் பெரியவள்.

"இங்கயா?"

"இங்கதான். நான் ஒண்ணும் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு, வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். சின்னவள் பாடினாள்.